சுவரில் இருந்த நீலக் குறி

பழைய வீட்டைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று தெரிந்த அன்றே எங்கள் தெருவில் எல்லோரும் இன்ஜினியர் ஆகிவிட்டார்கள் ஐயா. மாவு அரைத்து விற்கிறவர் தரைக்கு என்ன கல் போடலாம் என்று சொன்னார். ஆட்டோ ஓட்டுகிறவர் மாடிப்படி எந்தத் திசையில் ஏற வேண்டும் என்று சொன்னார். எனக்கு மட்டும் அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் அந்த வீட்டுக்கும் எனக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர்.

பெயர் திரௌபதி, வயது ஐம்பத்தொன்பது. எழுதிக்கொள்ளுங்கள். பதினோரு நாளாக உங்கள் ஆட்கள் எங்கள் தெருவில் விசாரிக்கிறார்கள். மாவுக்காரரிடம் இரண்டு முறை பேசினார்கள். அவருக்கு அந்த வீட்டில் எத்தனை கதவு என்றுகூடத் தெரியாது. என் கதவை ஒருவரும் தட்டவில்லை. சரி, நாமே போய்விடுவோம் என்று வந்துவிட்டேன்.

விருத்தாசலத்தில் மல்லாட்டை மண்டி வீடு என்றால் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து கேட்காமலே கொண்டுவந்து விடுவார்கள். அந்த வீட்டுப் பெண் இளமதியின் கொள்ளுத் தாத்தா நிலக்கடலை மூட்டைகளை ரயிலேற்றிய காலத்தில் கட்டியது, நூற்றுப் பத்து வருடம் ஆகிறது. சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்திரம், நடுவில் முற்றம், முற்றத்தை ஒட்டிப் பெரிய கூடம். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தபோது ஓரத்தில் இரண்டு அறையை என் மாமனாருக்கு விற்றார்கள். அதுதான் என் வீடு. விற்கும்போது அடைக்க மறந்த ஒரு ஜன்னல் என் அடுப்படியில் இருக்கிறது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. திறந்தால் அவர்கள் முற்றமும் கூடத்துச் சுவரும் தெரியும். புகை போவதற்காக இருக்கிறது.

இளமதியின் அப்பா விருத்தகிரி கடைசி ஆறு வருடம் அங்கே தனியாக இருந்தார். அவர் சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா, யாரிடம் போனில் சண்டை போட்டார் என்று சென்னையில் இருந்த மகளுக்குச் சொன்னது நான். அப்போது அந்த ஜன்னல் யாருக்கும் தொந்தரவாக இல்லை. போன வருடம் அவர் இறந்த பிறகு இளமதி சென்னை வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்து வாழப்போவதாகச் சொன்னாள். அப்பாவின் வீட்டை இடிக்காமல் பழையபடி எடுத்துக் கட்டப்போகிறாளாம். எனக்குச் சந்தோஷம்தான். மறைக்க ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதம் பிளான் போட்டார்கள் ஐயா. எட்டு மாதத்தில் ஒரு செங்கல்கூட நகரவில்லை. கடலூரிலிருந்து திருமால் என்று ஒரு இன்ஜினியர் சனிக்கிழமை தோறும் வருவார். வந்ததும் பேப்பரைத் தரையில் விரிப்பார், நாலு மூலைக்கும் நாலு செங்கல் வைப்பார். இளமதி வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலில் வந்து இறங்கிவிடுவாள். இருவரும் மத்தியானம் வரை பேசி ஒரு முடிவுக்கு வருவார்கள். அடுத்த சனிக்கிழமை அந்த முடிவு இருக்காது. சமையலறை வடக்கே போனது, தெற்கே வந்தது, ஒரு மாதம் மாடியில்கூட இருந்தது. மொத்தம் ஐந்து பிளான். எதிலும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று நான் சொன்னேன். இளமதி சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். மூன்று வாரம் கழித்து திருமால் அதையே சொன்னார். உடனே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இரண்டாவது பிளானில் கூடத்துக்கும் முற்றத்துக்கும் நடுவில் இருக்கிற பெரிய சுவரை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் திறந்த வெளியாக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. நான் இளமதியைத் தனியாகக் கூப்பிட்டு, அதன் மேல்தான் உத்திரம் உட்கார்ந்திருக்கிறது, உன் அப்பா ஒரு அலமாரிக்காக நாலு கல் எடுத்ததற்கே மேலே விரிசல் ஓடியது, ஜன்னல் வழியாக நானே பார்த்தேன் என்றேன். அவள் போய் அவரிடம் சொன்னாள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். அடுத்த வாரம் மூன்றாவது பிளானில் அந்தச் சுவர் இருந்தது. வந்தவர்கள் போனவர்களிடமெல்லாம், திருமால் சார் மட்டும் கவனிக்கவில்லை என்றால் வீடே போயிருக்கும் என்று சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவர்களுக்காகச் செய்த சுண்டல் கையில் இருந்தது.

ஐந்தாவது பிளானில் என் ஜன்னல் வந்தது.

முற்றத்தின் ஓரத்தில், என் ஜன்னலுக்குப் பக்கத்தில், ஒரு சாமான் அறை இருக்கிறது. அதற்கு ஒரு செங்கல் அகலத்தில் சின்னச் சுவர். அதை எடுத்துவிட்டு அறையை என் பக்கம் இழுத்துக் குளியலறை கட்டுவது என்று முடிவு. குளியலறைக்குள் ஜன்னல் திறக்க முடியாதல்லவா. இளமதி அதைச் சொல்ல ஒரு டப்பா மைசூர் பாகோடு வந்தாள்.

"அத்தே, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த ஜன்னல அடச்சிடலாம்னு இருக்கேன்."

"பொகைக்கு வச்சதும்மா அது."

"கேஸ் அடுப்புதானே வச்சிருக்கீங்க. வேணும்னா நானே ஒரு ஃபேன் மாட்டித் தரேன்." கொஞ்சம் தயங்கினாள். "வேல முடியற வரைக்கும் அதச் சாத்தியே வச்சிருங்கத்தே. உள்ள நின்னா யாரோ பாத்துக்கிட்டே இருக்கறாப்ல இருக்குது."

சாத்தியே வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மைசூர் பாகு நன்றாகத்தான் இருந்தது.

நான் செராமிக் யூனிட்டில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவள். சூளையிலிருந்து வருகிற ஃபியூஸ் கட்டைகளைத் தரம் பிரிக்கிற மேசை. நகத்தால் தட்டினால் நல்லது கணீரென்று சொல்லும், விரிசல் விட்டது சொத்தென்று சொல்லும். சொத்தையில் நீலச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுத் தள்ளிவிட வேண்டும். அந்தக் கடைசியில் இருப்பவர் உடைத்துக் குப்பையில் போடுவார். அவர் தட்டிப் பார்க்க மாட்டார், குறியைத்தான் பார்ப்பார். ஒருநாள் என்ன ஆகிறது பார்ப்போம் என்று நல்ல கட்டை ஒன்றில் குறி போட்டேன். உடைத்தார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வேலைக்கு வந்த கொளஞ்சிநாதன் மேஸ்திரியும் அவருடைய ஆட்களும் யூனிட்டுகளில் இருந்து வந்தவர்கள்தான். சூளை வேலை குறைந்ததும் கட்டட வேலைக்கு வந்தவர்கள். ஐந்து பிளானையும் பார்த்து அவர்களுக்குத் தலை சுற்றிவிட்டது. எதற்கெடுத்தாலும் திருமாலுக்குப் போன் போட்டார்கள். அவர் சலித்துப்போய் அந்தச் சனிக்கிழமை நீலச் சாக்பீஸை எடுத்து, உடைக்க வேண்டிய சின்னச் சுவரில் ஆள் உயரத்துக்குப் பெருக்கல் குறி போட்டார். "இனிமே பேப்பரப் பாக்காதீங்க. குறியப் பாருங்க. எனக்குப் போன் போடாதீங்க" என்றார். சாக்பீஸை அங்கேயே மாடத்தில் வைத்துவிட்டுப் போனார். மாடத்தில் எதையாவது வைத்து மறந்துவிடுவது அவர் வழக்கம்.

திங்கள்கிழமை காலை நல்ல நேரத்தில் இடிப்பது என்று ஏற்பாடு. வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கும். ஞாயிறு மத்தியானம் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி வைக்கச் சொல்லிவிட்டு இளமதி ஸ்ரீமுஷ்ணத்துக்குக் கோயிலுக்குப் போனாள். தொட்டி நிரம்ப இருபது நிமிடம் ஆகும். அதுவரை சும்மா நிற்பானேன். ஈரத் துணியால் சின்னச் சுவரைத் துடைத்தேன். வெள்ளை அடித்த சுவர், சுத்தமாகப் போய்விட்டது. பிறகு இரண்டு சுவரையும் தட்டிப் பார்த்தேன், பழக்க தோஷம். சின்னது சொத்தென்றது, பெரியது கணீரென்றது. மாடத்தில் இருந்த சாக்பீஸை எடுத்துப் பெரிய சுவரில் குறியைப் போட்டேன். திருமால் கோணலாகப் போட்டிருந்தார். நான் நேராகப் போட்டேன்.

வேலை குழம்பி நின்றுபோகும், அவ்வளவுதான் நினைத்தேன் என்று சொல்லலாம். இந்தப் பதினோரு நாளில் எனக்கு நானே அப்படிச் சொல்லிப் பார்த்தேன், கேட்க நன்றாக இருக்கிறது.

திங்கள்கிழமை காலை கொளஞ்சிநாதன் தண்ணீர் கேட்டு என் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, பெரிய செவுத்துல இல்ல குறி இருக்குது. சின்னதத்தான சொன்னாப்ல ஞாபகம்."

"நான் என்னத்தக் கண்டேன் மேஸ்திரி. குறி எதுல இருக்குதுன்ற?"

"பெரிசுலதான்."

"பின்ன என்ன."

கவனித்துக்கொள்ளுங்கள் ஐயா, இதில் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன். அவர் போய் இளமதியிடமும் கேட்டிருக்கிறார். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு, "மறுபடியும் மாத்திட்டாரா இந்த மனுஷன்" என்றாளாம். ஐந்து முறை மாறின பிளான் ஆறாவது முறை மாறினால் யார்தான் ஆச்சரியப்படுவார்கள். அந்தச் சுவரை எடுக்கக் கூடாது என்ற பேச்சு அவளுக்கு நினைவு வந்திருக்கும். சார் அதற்கு ஏதாவது வழி வைத்திருப்பார் என்று விட்டுவிட்டாள். அவர் மேல் அவ்வளவு நம்பிக்கை. என்னை வந்து கேட்டிருக்கலாம். எட்டு மாதத்தில் அந்த ஒரு தடவையாவது கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

ஒன்பது மணிக்குக் கற்பூரம் காட்டினார்கள். நான் எல்லோருக்கும் டீ போட்டேன். ஜன்னலை ஒரு விரல் அளவுக்குத் திறந்து வைத்திருந்தேன், டீ கொண்டுபோக நேரம் பார்க்க வேண்டுமல்லவா. பத்தேகாலுக்குச் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. இளமதி கூடத்துக்குள், திறந்திருந்த கதவுக்கு நேரே நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது உத்திரத்தின் நுனியிலிருந்து சுண்ணாம்பு மெல்லிய கோடாக இறங்க ஆரம்பித்தது. விரலிடுக்கிலிருந்து கோலமாவு விழுகிற மாதிரி. அவள் தலைமுடியில் விழுந்தது. தட்டிவிட்டுக்கொண்டாள், மேலே பார்க்கவில்லை.

நான் ஜன்னலிலிருந்து கூப்பிட்டிருந்தால் வெளியே ஓடி வந்திருப்பாள். முற்றத்துக்கு நாலு அடிதான். ஆனால் கூப்பிட்டால் ஜன்னல் திறந்திருந்தது அவளுக்குத் தெரிந்துவிடும். சாத்தியே வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால் சத்தமில்லாமல் சாத்தினேன். டீ ஆறாமல் இருக்கட்டும் என்று டம்ளர்கள் மேல் தட்டு வைத்து மூடினேன். மூன்றாவது டம்ளரை மூடும்போது விழுந்தது. தட்டுகள் அதிர்ந்தன, டீ சிந்தவில்லை.

இளமதி அங்கேயே போய்விட்டாள். கொளஞ்சிநாதனுக்கு இரண்டு காலும் போய்விட்டது, பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார். ஜன்னலை அடைக்க இனி ஆள் இல்லை. ஆனால் திறந்தால் மண்மேடுதான் தெரிகிறது, பார்க்க ஒன்றுமில்லை.

நீங்கள் திருமாலை உள்ளே வைத்திருக்கிறீர்கள். மூன்றாவது பிளானில், இது உத்திரம் தாங்கும் சுவர், தொடக்கூடாது என்று அவர் கைப்பட எழுதியிருக்கிறதாம். அத்தனை விஷயம் தெரிந்தவர் இப்படிக் குறி போட்டுவிட்டாரே என்று தெருவே பேசுகிறது. மாவுக்காரர் அதைச் சொல்லும்போது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் வந்தேன்.

துடைத்ததும் குறி போட்டதும் நான்தான். விழும் என்று தெரிந்து போட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் அந்தச் சுவரில்தான் உத்திரம் நிற்கிறது என்று அவருக்கு என்ன தெரியும் ஐயா. முதலில் சொன்னது நான். அதையாவது என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.