காவல்காரனுக்குக் கொடுத்த கம்பளி

இந்த ஊர் வெண்ணெய் எனக்கு இன்றுவரை ஒத்துக்கொண்டதில்லை. நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், பாதிரியாரே. விசாரணைக் குழுவில் இருந்தால் நன்றாகப் பசிக்கும் போலிருக்கிறது.

கேட்க வந்தது எனக்குத் தெரியும். உங்கள் மன்னருக்கு அரசி லியோகாடியா அலுத்துவிட்டாள். அவள் முதலில் அவருடைய அண்ணன் ஹால்வாருக்கு வாழ்க்கைப்பட்டவள். அண்ணனோடு உண்மையாகவே குடித்தனம் நடத்தினாள் என்று காட்டிவிட்டால் தம்பியோடு நடந்த கல்யாணம் செல்லாது. அவளைக் கன்னிமடத்தில் தள்ளிவிட்டு அவர் வேறொருத்தியைக் கட்டிக்கொள்ளலாம். அவள் அப்படி எதுவும் நடக்கவில்லை என்கிறாள். அந்தப் பையனோ சாவதற்கு முன் நடந்தது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தான். யார் பொய் சொன்னது என்று இத்தனை வருடமாக மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள். படித்தவர்கள் வேறு.

இருவருக்கும் அப்போது பதினைந்து வயது. அவளைப் பால் பல் விழாத நாளிலிருந்து வளர்த்தவள் நான். தெற்கிலிருந்து தலைமைத் தோழியாகக் கூடவே கப்பல் ஏறி வந்தேன். கல்யாண விருந்தில் எங்கள் ஊர் ஆரஞ்சுப் பழத்தை ஹால்வார் தோலோடு கடித்துவிட்டுத் திருதிருவென்று விழித்தான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். என்னிடம் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை.

ஸ்கார்னெஸ் கோட்டையின் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? இளம் தம்பதி பகலில் சந்திக்கக் கூடாது. இரவில் மாப்பிள்ளைக்கு மெல்லிய சட்டை ஒன்றை மாட்டி, விளக்கும் பாட்டுமாக அவள் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். நடைக்கோடிக் கதவைப் பூட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். பார்த்தால் வாரிசு தங்காதாம். விடிந்ததும் அதே வாசலில் வந்து அழைத்துப்போவார்கள். வாசல் கதவின் தாழ்ப்பாள் உட்பக்கம் இருக்கிறது. அதைத் திறப்பது தலைமைத் தோழியின் வேலை.

நான் திறக்கவில்லை.

"அம்மணி, நான்தான் வந்திருக்கேன்," என்றான் முதல் நாள்.

"இளவரசிக்குத் தலைவலி. நாளைக்குப் பாக்கலாம்."

"அப்ப நான் எங்க போறது? எல்லாரும் பூட்டிக்கிட்டுப் போயிட்டாங்களே."

"அது உங்க ஊர் வழக்கம். என்னைக் கேட்டா?"

மறுநாளும் வந்தான். "இன்னிக்கும் தலைவலியா, அம்மணி? நல்ல தலைவலிதான் போங்க," என்று சிரித்தான். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டான்.

கத்தியிருந்தால் ஆள் வந்திருக்கும். ஆனால் பெண்டாட்டி கதவு திறக்கவில்லை என்று ராஜா மகன் எப்படிச் சொல்வான்? விடியும்வரை கல் தரையில் நின்றான். காலையில் கூட்டாளிகள் கேட்டார்கள்: "என்ன இளவரசே, கண்ணெல்லாம் செவந்திருக்கு? தூங்கவே விடலையாக்கும்?"

"தெக்கத்தி வெயில் ஆச்சே. லேசுல விடுமா?" என்றான். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாது. மீசைதான் இன்னும் முளைக்கவில்லை.

உங்கள் இரண்டு பெரிய சாட்சியங்களில் ஒன்று அந்தப் பேச்சு. அவளிடம் நான், "அவனுக்கு உன்னைப் பிடிக்கலடி கண்ணு. வாசல்வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிடறான்," என்று சொன்னேன். நம்பி அழுதாள். என் மடியில்தான் அழுதாள்.

அவள் மனைவியாகிவிட்டால் வழக்கப்படி தெற்கத்தித் தோழிகளைக் கப்பலேற்றிவிடுவார்கள். அதற்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அவன் அவளுக்குத் தகுதியில்லாதவன். அவ்வளவுதான்.

பனி விழ ஆரம்பித்ததும் அவனுக்கு இருமல் பிடித்தது. உள்ளறைவரை கேட்டது.

"யாரு அது இருமுறது?" என்றாள்.

"காவக்காரன்."

"பாவம். இதையாவது கொண்டுபோய்க் குடுங்க," என்று தன் கம்பளியை எடுத்துத் தந்தாள். அவள் அம்மா நெய்து கொடுத்த தெற்கத்திக் கம்பளி.

நான் வாங்கிக்கொண்டு வெளியறைக்கு வந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மெதுவாகச் சொன்னான்: "அம்மணி, அவங்களப் பாக்கக்கூட வேண்டாம். அடுப்புப் பக்கம் கொஞ்சம் உக்காந்துக்கறேன்." நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். நல்ல கதகதப்பு.

வசந்தம் வருவதற்குள் போய்விட்டான். புதுப்பெண்ணிடம் அளவுமீறிப் போனதால் உடம்பு கரைந்துவிட்டது என்று அரண்மனை வைத்தியர் சொன்னார். உங்கள் இன்னொரு சாட்சியம் அதுதான். சிரிப்பை அடக்கப் பெரும்பாடுபட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள்: ஹால்வார் ஒருநாளும் உள்ளே வரவில்லை. அவனைக் குளிரில் நிறுத்திக் கொன்றது நான்தான். இதை வைத்து அவள் அரசியாகவே இருக்கட்டும். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

கம்பளியை மட்டும் எழுத வேண்டாம். அவள் படிப்பாள். அந்த இருமல் யாருடையது என்று தெரிந்தால் தாங்கமாட்டாள். எனக்காகக் கேட்கவில்லை.

இதோ, மடியில் கிடப்பது அதுதான். இன்னும் ஒரு நூல் பிரியவில்லை. அவள் திருப்பிக் கேட்டதே இல்லை. எனக்கென்றுதான் கொடுத்திருக்கிறாள்.