அம்மா கடலில் கிழித்த தாள்

ஓடுகிறோம். பகல் இரண்டு பத்து. வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை அம்மா கடைசியாகப் பார்த்த நேரம் அது. 2008, மாசி மாதம். மன்னார்க் கரையில் எங்கள் ஊர். எனக்கு ஆறு வயது.

முதலில் தொலைவில் ஒரு 'டும்'. பிறகு ஒன்றுமில்லை. பிறகு ஷெல்லின் கூவல். கூவல் தலைக்கு மேல் கடந்துபோனால் நமக்கில்லை. பாதியில் நின்றால் நமக்கு. அப்பா சொல்லித்தந்தது. 'டும்'முக்கும் வெடிப்புக்கும் நடுவில் நான் எண்ணுகிறேன். முதல் முறை பதினொன்று. இரண்டாம் முறை ஒன்பது.

"படுங்கோ! படுங்கோ! காதைப் பொத்து, பிள்ளை!"

மண்ணில் கிடக்கிறோம். அப்பா திடீரென்று எழுந்திருக்கிறார்.

"பை! பையை விட்டிட்டம்!"

"போகாதேங்கோ!" அம்மா கத்துகிறாள். "ஐயோ, போகாதேங்கோ!"

வீடு நாற்பது அடி தூரம். உள்ளே போகிறார். வெளியே வருகிறார். சட்டைக்குள் நீலப் பொலித்தீன் பை துருத்திக்கொண்டு தெரிகிறது. வேலிவரை வந்துவிட்டார். 'டும்.' எண்ணுகிறேன். கூவல் பாதியில் நின்றது.

ஏழு.

அம்மா தவழ்ந்து போனாள். அவர் கண்களை மூடிவிட்டாள். சட்டைக்குள்ளிருந்து பையை எடுத்தாள். வேலியில் காய்ந்த, அவர் இடுப்பில் கட்டும் சாரத்தை இழுத்து அவர்மேல் போர்த்தினாள். கிடங்கு வெட்டிப் புதைக்க நேரம் இல்லை. அடுத்த 'டும்' கேட்டுவிட்டது.

மறுநாள் படகு. பதினெட்டுப் பேர். இயந்திரம் இரண்டு முறை நின்றது. விடியும்போது இந்தியக் கரை ஒரு கோடாகத் தெரிந்தது. யாரும் மகிழவில்லை. படகோட்டி எழுந்து நின்று கத்தினார்.

"முந்தி இந்தியாவில இருந்திட்டுத் திரும்பினவையள் ஆர்? பழைய பதிவுத் துண்டுகள் வைச்சிருந்தாக் கிழிச்சுப் போடுங்கோ! கண்டாங்கள் எண்டாப் பிடிச்சு மறியலுக்குள்ள அடைப்பாங்கள்! திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்!"

அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. படகில் எல்லோரும் அதை நம்பினார்கள். அம்மா நீலப் பையைத் திறந்தாள். ஒரு தாளை எடுத்தாள். மஞ்சளாகிப்போன தாள். இரண்டாகக் கிழித்தாள். நான்கு. எட்டு. கடலில் போட்டாள். துண்டுகள் மூழ்கவில்லை. படகோடு கொஞ்ச தூரம் வந்தன.

கரையில் பதிவு. மேசை, குடை, அதிகாரி. பிறந்த ஊர் எது என்று கேட்டார். மன்னார் என்றாள் அம்மா. கையெழுத்திட்டாள்.

அது பொய். அம்மா 1984இல் இராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் பிறந்தவள். அவளைப் பெற்றவர்கள் 1983 கலவரத்துக்குப் பிறகு ஓடிவந்து மண்டபம் முகாமில் இருந்தவர்கள். அம்மாவுக்கு எட்டு வயதானபோது கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். கிழித்த தாள் அவளுடைய பிறப்புச் சான்றிதழ்.

முகாமில் ஒன்பது வருடம். பிறகு வெளியே தங்க அனுமதி வாங்கிச் சென்னை கொரட்டூர் வந்தோம். அம்மா தையல் கம்பெனியில் காலர் தைக்கிறாள். நான் டிப்ளமோ முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் தரச் சோதனை செய்கிறேன். ஒரு பாகத்தைக் கழித்தால், ஏன் கழித்தேன் என்று சீட்டு எழுதிக் கட்ட வேண்டும். அந்தப் பழக்கத்தில்தான் சென்ற வருடம் ஒரு நோட்டில் எங்களுக்குள்ள வழிகளை எழுதினேன்.

இத்தனை வருடம் வாழ்ந்ததைக் காட்டிக் குடியுரிமை கேட்பது. வாழ்ந்திருக்கிறோம். ஆனால் பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. அவர் கேட்க முடியாது. கழிவு. இந்தியரைக் கல்யாணம் செய்து பதிவது. அதே காரணம், கழிவு. 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தம். அதில் மூன்று நாடுகளின் பெயர் இருக்கிறது. இலங்கை இல்லை. கழிவு. 2015க்கு முன் வந்து பதிந்தவர்களைத் தண்டிப்பதில்லை என்று புதிய ஆணை. நாங்கள் அதற்குள் வருகிறோம். தண்டனை இல்லை. உரிமையும் இல்லை.

கடைசி வழி. 1987 ஜூலை ஒன்றுக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். பெற்றவர்கள் யார் என்று அந்தச் சட்ட வரி கேட்பதில்லை. இதன் எதிரே நான் கழிவு என்று எழுதவில்லை. எனக்கு இல்லாவிட்டாலும் அம்மாவுக்கு உண்டு.

குமணன்சாவடியில், டயர் கடைக்கு மேலே ஒரு வக்கீல் அலுவலகம். குமாஸ்தா பாஸ்கர்தான் முதலில் கேட்டார்.

"இன்னாமா சொல்றே? உங்கம்மா இங்கியே பொறந்தவங்களா? அப்போ எனக்கு கீற அதே ரைட்டு அவுங்களுக்கும் கீதே! சர்டிபிகேட் கீதா?"

அம்மா இல்லையென்று தலையாட்டினாள். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம். ஒவ்வொரு தடவையும் அவள் தோள் ஒடுங்கியது.

இராமநாதபுரம் போனோம். இரண்டு தடவை. பழைய பதிவேட்டில் வரி கிடைத்தது. பெண் குழந்தை. தகப்பன் பெயர் சரி. முகவரி மண்டபம் முகாம். பிள்ளையின் பெயருக்கான கட்டம் காலி. அந்தக் காலத்தில் பெயர் வைக்கும் முன்பே பதிவார்களாம். நகல் வாங்கினோம். திரும்பும் ரயிலில் அம்மா அதை மடியிலிருந்து எடுக்கவே இல்லை.

பாஸ்கர் அந்த நகலையும் 2008 பதிவுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"யக்கா, இது இராமநாதபுரம்ன்னுது. அது மன்னார்ன்னுது. உன் கையெழுத்து வேற கீது. ஒரே ஆளு ரெண்டு ஊர்ல எப்பிடிக்கா பொறப்பே? டபுள் ஆக்டா?" சிரித்தார். "ஏன் மாத்திச் சொன்னேன்னு அபிடவிட் போடணும். அசல் எங்க போச்சுன்னும் எழுதணும்."

சத்தியப் பத்திரத்தை அங்கேயே நானே தட்டச்சு செய்தேன். அம்மா சொல்லச் சொல்ல. பிறந்தது, ஒரு வரி. திருப்பி அனுப்பியது, ஒரு வரி. ஷெல் விழுந்த நாள். அந்த இடத்தில் அம்மா நிறுத்தினாள்.

"எழுது பிள்ளை. அந்தப் பைக்குள்ள வேற ஒண்டும் பெரிசா இருக்கேல்லை. ரெண்டு படம். கல்யாணப் பதிவுத் துண்டு. அவர் என்ர சேட்டிபிக்கற்றுக்காகத்தான் திரும்பிப் போனவர். 'இந்தியா போனா உனக்கு இது உதவும்' எண்டு முதல் நாள் சொன்னவர். அவர் செத்து எடுத்துத் தந்ததை நான் கிழிச்சுப்போட்டன்."

பதினேழு வருடம் கழித்து முதல் முறையாகச் சொன்னாள். அப்பா பைக்காகப் போனது எனக்குத் தெரியும். அம்மா கிழித்ததும் தெரியும். அவர் போனதே அந்தத் தாளுக்காக என்று தெரியாது.

பாஸ்கர் சிரிப்பை எப்போதோ நிறுத்தியிருந்தார். தண்ணீர்ப் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

"குடிக்கா."

நான் தட்டச்சு செய்தேன். எழுத்துப் பிழை பார்த்தேன். அம்மா கையெழுத்திட்டாள்.

மனுவைக் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்து ஐந்து மாதம். பிறகு ஒரு தபால். நான்கு வரி. பதிவேட்டில் உள்ள பெயரற்ற பெண் குழந்தையும் மனுதாரரும் ஒருவரே என்று நிரூபிக்கப்படவில்லை. மனுதாரர் முன்பு கையெழுத்திட்டுத் தந்த தகவலுக்கு முரணாக உள்ளது. ஏற்க இயலாது.

"ஐகோர்ட்டுக்குப் போலாம்க்கா," என்றார் பாஸ்கர். "ஜட்ஜாண்ட நீயே நேர்ல சொல்லு. கேக்கறவன் கலங்கிருவான். சான்ஸ் கீது."

"இல்லைத் தம்பி," என்றாள் அம்மா. "ஒருக்காச் சொல்லியாச்சு. அவங்கள் நம்பேல்லை. இன்னொருக்கா ஆக்கள் கூடியிருக்கிற இடத்தில நிண்டு சொல்ல என்னால ஏலாது."

பேருந்தில் கெஞ்சினேன். வழி இருக்கிறது அம்மா, இன்னும் ஒரு வழி இருக்கிறது என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அவளை வற்புறுத்த எனக்கு உரிமை உண்டா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆகவே இதை நான் எழுதுகிறேன். அவள் மறுபடி சொல்ல வேண்டியதில்லை. இது இங்கே இருக்கிறது.

பேருந்தில் திரும்பிய அன்று மாலை நோட்டின் கடைசிப் பக்கத்தில் இழந்தவற்றை எண்ணினேன்.

அப்பா, ஒருவர். வயது முப்பத்தொன்று. கல்லறை இல்லை.
படகில் வந்த பதினெட்டுப் பேரில், பிறகு இன்னொரு படகில் திரும்ப முயன்று காணாமல் போனவர்கள் இருவர்.
வீடு ஒன்று. இரண்டு அறை. முருங்கை ஒன்று. ஆடுகள் நான்கு.
சுவர்க் கடிகாரம் ஒன்று.
பிறப்புச் சான்றிதழ் ஒன்று, எட்டுத் துண்டுகளாக.
நாடு ஒன்று.

அம்மா பின்னால் நின்று வாசித்தாள். என் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். கடைசி வரியில் 'ஒன்று' என்பதை அடித்துவிட்டு 'இரண்டு' என்று எழுதினாள்.