சால்மன் ஓடையை வானிலிருந்து கண்டு காத்த மிரென் ஊரியார்ட்டே அவர்களுக்கு

வானேறி நின்று வையத்து நீரை வாஞ்சையோடு நோக்கிய வித்தகியே! இறக்கை முளைக்காத குறையொன்றே உடைய எங்கள் ஆற்றுப் பறவையே! ஐடஹோ மலைகளில் ஆல்டர் ஆறு போகும் வழியெல்லாம் உடன் போன அன்புத் தோழியே! பணி நிறைவு பெறும் இந்நாளில் உங்களைப் பாராட்டக் கூடியிருக்கிறோம். பாராட்டு என்றாலே நழுவிவிடுவீர்கள் என்பதால், உங்கள் விமானி வெர்ன் டால்பெர்க்கை வாசலருகே உட்கார வைத்திருக்கிறோம்.

விமானத்தின் கதவைக் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பில் பட்டையை இறுக்கிக்கொண்டு, காற்று கன்னத்தில் அறைய, காமிராவோடு வெளியே சாய்வீர்கள். கரையில் நிற்கும் எங்களுக்கு வெறும் பளபளப்பாகத் தெரியும் ஆறு, உங்கள் படத்தில் அடிவயிறு வரை தெரியும். கலங்கல் எந்தக் கிளையில் தொடங்குகிறது, கரை எங்கே கரைகிறது என்பதையெல்லாம் படத்தைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டோம்.

ஆயினும் உங்களைக் கண்டு நாங்கள் மலைத்துப்போனது ஊர் மன்றத்தில்தான். ஆற்றின் பெரிய வளைவில் சரளைக்கல் தோண்ட ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. அங்கே சால்மன்கள் முட்டையிடுகின்றன என்று காட்டினால் ஒழிய வளைவு பிழைக்காது. சால்மன் வாலால் கல்லைப் புரட்டி முட்டையிடும் குழி, மேலிருந்து பார்த்தால் வெள்ளைத் திட்டாகத் தெரியும். அத்தகைய திட்டுகள் நிறைந்த உங்கள் படம் திரையில் விரிந்தபோது, வெற்றி கையில் வந்துவிட்டதென்றே நினைத்தோம். அப்போது நீங்கள் எழுந்தீர்கள்.

"ஏய் மிரென், உக்காரு! யாரும் உன்னை ஒண்ணும் கேக்கலையே!" என்று வெர்ன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நான் பாத்துட்டேனே, வெர்ன்" என்றீர்கள். பிறகு மன்றத் தலைவி ஆஸ்மண்ட் அம்மையாரிடம், "இது என் தப்புங்க. அந்தத் திட்டெல்லாம் முட்டைக்குழி இல்ல. ரெண்டு கரையிலயும் தடம் இறங்குது பாருங்க, எல்க் மான் கூட்டம் ஆத்தைக் கடந்திருக்கு. அதுங்க மிதிச்சு வெளுத்த கல்லு அது" என்றீர்கள்.

"அப்போ அங்க மீனே இல்லைன்னு எடுத்துக்கலாமா?" என்று அம்மையார் கேட்டார்.

"தெரியாதுங்க. பாத்துட்டு வந்து சொல்றேன்."

எங்களுக்கு உயிரே போய்விட்டது. மன்றம் அடுத்த அமர்வுக்குத் தள்ளி வைத்தது. நீங்கள் மறுபடி பறந்தீர்கள்; கண் கூசாத வெயில் விழும் வரை வட்டமிட்டு வட்டமிட்டு, வெர்ன் முணுமுணுக்க முணுமுணுக்கக் காத்திருந்தீர்கள். லாரிப் பாதைக்கென அந்த நிறுவனம் குறித்திருந்த, எங்களில் எவரும் எட்டிப் பாராத கிளை ஓடையில்தான் அவை இருந்தன! வெறும் திட்டுகள் அல்ல. ஒவ்வொரு குழியின் மேலும் வால் கிழிந்த தாய்மீன் ஒன்று நீரை எதிர்த்து நின்றது.

அடுத்த அமர்வில் அந்தப் படம் திரையில் விரிந்தது.

"இதுல எல்க் எதுவும் இல்லையே?" என்று நிறுவனத்தின் வழக்கறிஞர் குத்தலாகக் கேட்டார்.

"மூலையில ஒண்ணு மேயுது சார். அதையும் வட்டம் போட்டிருக்கேன்" என்றீர்கள். அவரே சிரித்துவிட்டார்.

ஆஸ்மண்ட் அம்மையார் மட்டும் சிரிக்கவில்லை. "இந்த மீனெல்லாம் கடலுக்குத் திரும்பிப் போயிடுமா?" என்று மெல்லக் கேட்டார்.

"போகாதும்மா. முட்டைக்குக் காவல் நின்னே செத்துப்போகும்."

லாரிப் பாதைக்கு வழியில்லாமல் போகவே, வளைவில் தோண்டவும் அனுமதி மறுக்கப்பட்டது. முதல் படத்தைத் தவறென்று சொன்னவர் சொல்கிறார் என்பதாலேயே இரண்டாம் படத்தை எவரும் ஐயுறவில்லை. உண்மைக்கு இத்தனை வலிமையா என்று அன்று வியந்தோம். இன்னும் வியப்பு தீரவில்லை.

மெய்யுரைத்த மேன்மையே! நோயின்றி, நொடியின்றி, நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும். அவ்வப்போது வந்து எங்கள் படங்களில் பிழை பிடிக்கவும் வேண்டும்.

அன்று காவலிருந்த மீன்களின் வழிவந்தவை கடலிலிருந்து நேற்று அந்த ஓடைக்கு வந்து சேர்ந்தன. வெர்ன் விமானத்தில் எரிபொருள் நிரப்பி வைத்திருக்கிறார். விருந்து முடிந்ததும் ஏறுங்கள். காமிராவை மட்டும் எங்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். இந்த ஒரு முறை யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டாம், மிரென். சும்மா பார்த்துவிட்டு வாருங்கள்.

வியப்பு மாறா விழிகளோடு,
ஆல்டர் ஆற்றுக் காப்புச் சங்கப் பணியாளர்கள்