ரோஜாவுக்கு நல்ல தண்ணீர்

எப்போதாவது குழாயில் வரும் ஒகேனக்கல் குடிநீரைப் பூச்செடிக்கு ஊற்றுவது சரியா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. பென்னாகரம் பஸ்ஸில் முன் இருக்கைப் பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

“ரோசாவுக்கு ஒகேனக்கல் தண்ணி. வூட்டுக்காரருக்குக் குளிக்க போர் தண்ணி.”

“அவரு ஒண்ணுஞ் சொல்லலியா?”

“‘நானும் பூத்தாத்தான் நல்ல தண்ணி குடுப்பியா’ன்னாருங்க்கா. போர் உப்புல இலை கருவுது. மே கடைசியில மாதா தேருக்கு எங்க வூட்டுப் பூதான்னு ஃபாதருகிட்ட சொல்லிட்டேன்.”

“கடையில வாங்கிடேன். மாதா கேக்கவா போறாங்க?”

“மழை வரலைன்னாலும் பூக்க வெப்பேங்க்கா.”

நான் குழந்தையை ஒகேனக்கல் தண்ணீரில்தான் குளிப்பாட்டுகிறேன். அது சாக்கடைக்குத்தான் போகிறது. சோப்புக் கலந்த அந்தத் தண்ணீர் ரோஜா வேருக்கு ஆகுமா? தெரிந்தவர்கள் தேருக்கு முன்பே சொல்லுங்கள். அந்தப் பெண் தினமும் அதே பஸ்ஸில்தான் வருகிறார்.