தையல்காரர் கதவை உடைத்த காரணம்

என் பெயரும் முகவரியும் இத்தாளின் தலைப்பில் எழுதியுள்ளபடி சரி. வயது முப்பத்து நான்கு. மென்பொருள் எழுதுவது தொழில். மாடி வீட்டில் வாடகைக்குத் தனியாக இருந்து, வீட்டிலிருந்தே வேலை செய்து வருகிறேன். கீழே தையற்கடை. அதை நடத்துபவரை அண்ணன் என்று அழைப்பேன். இரத்த உறவு இல்லை.

கவனம் சிதறாமலிருக்க நானே ஒரு சிறு நிரல் எழுதி வைத்துள்ளேன். கருப்புத் திரையில் "கவனம் 50" என்று தட்டினால் ஐம்பது நிமிடம் எண்கள் குறைந்துகொண்டே வரும். முடிந்ததும் மணி ஒலிக்கும். விசையை அழுத்தும்வரை ஓயாது. சில மாதங்களுக்கு முன் படிக்கட்டில் அண்ணன், "தங்கச்சி, உங்க மணி அடிச்சா நானும் மிஷினை விட்டு எழுந்துடுறேன். முதுகு வலி பாதி கொறைஞ்சிடுச்சு" என்றார். அதன் பிறகு ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்தேன்.

நேற்றுக் காலை பத்து மணியளவில் மழைக்காக ஜன்னல்களைச் சாத்திவிட்டு, துணி ஊறவைக்க வெந்நீர்க் குழாயைத் திறந்தேன். திறந்தால் கேஸ் ஹீட்டர் தானே எரியும். அதன் புகைக்குழாய் கழன்று தொங்குவதை வீட்டுக்காரரிடம் இரண்டு முறை சொல்லியிருந்தேன். "பாக்கலாம்மா" என்றார். வாளி நிறைவதற்குள் ஒரு யோசனை தோன்றவே, மேசைக்கு வந்து நிரலை ஓடவிட்டேன். குழாயை மறந்தது என் தவறு.

அதன் பிறகு அறை மெதுவாகத் தண்ணீருக்கடியில் போனது போலிருந்தது. எழுத்துகள் ஒன்றையொன்று தொடாமல் மிதந்தன. பயமில்லை. இவ்வளவு நல்ல கவனம் எனக்கு வாய்த்ததேயில்லை என்று நினைத்தேன். மூன்று நாளாகப் பிடிபடாத பிழை பிடிபட்டுவிட்டதாக நினைத்து வேகமாகத் தட்டினேன். இன்று இந்தக் காவல் நிலையத்தில் கணினியைத் திறந்து பார்த்தால் ஒரே எழுத்து நான்கு பக்கங்களுக்கு இருக்கிறது.

அதன் பிறகு மணி ஒலித்தது. வேறு யார் வீட்டிலோ ஒலிக்கிறது, யாராவது நிறுத்தக்கூடாதா என்று எண்ணிக்கொண்டேன். அதன் பிறகு கதவு தட்டும் சத்தமும் அண்ணன் குரலும் கேட்டன. "தங்கச்சி! மணி நிக்கவே இல்லையே! கதவைத் தொறங்க!" "இதோ வரேண்ணே" என்று நான் சொன்னதாகவே நினைவு. ஹீட்டரின் நச்சுப்புகை ஏறியிருந்ததால் வாய் அசைந்திருக்காது என்கிறார் மருத்துவர்.

அதன் பிறகு அவர் இஸ்திரிப்பெட்டியால் கதவை உடைத்து, என்னைத் தூக்கிவந்து வெளிப்புறப் படிக்கட்டில் கிடத்தினார். முகத்தில் மழை விழுந்து கண் திறந்தேன். அவர் மீண்டும் மேலே போய் ஹீட்டரை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, ஒலித்துக்கொண்டிருந்த மடிக்கணினியையும் கொண்டுவந்தார். "நிறுத்தத் தெரியல. ஏதாவது அமுக்கி உங்க வேலை அழிஞ்சிடுமோன்னு பயமாயிருக்கு" என்றார். என்னை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகும் அதைச் சட்டைக்குள் அணைத்தபடி தெருவில் நின்றார். அந்தக் கோலத்தில்தான் வீட்டுக்காரர் அவரைப் பார்த்து, கதவை உடைத்துத் திருடியதாகப் புகார் கொடுத்துள்ளார். அவரை இங்கே உட்கார வைத்திருப்பது இன்று காலைதான் தெரிந்து, என் சொந்தப் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மருத்துவமனையிலிருந்து நேராக வந்தேன்.

மயக்கத்தில் தோன்றியதைத் தோன்றியது என்றும், கண்டதைக் கண்டது என்றும் பிரித்தே சொல்லியிருக்கிறேன். எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். என் சொற்கள்தாம், உண்மைதான். அண்ணனைக் கையோடு அழைத்துப் போகக் காத்திருக்கிறேன்.

(ஒப்பம்)