மேடம் வீடு பார்க்க வந்த நாள்

— எட்டாயிரத்து நானூத்தி அம்பது. கீழ வை. வெச்சுட்டு அப்புறம் அழு.

— அண்ணி, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. அவருக்கு இப்பதான் மாத்திரை குடுத்துப் படுக்க வெச்சேன்.

— படுக்கட்டும். என் தம்பிதானே, நான் தூக்கி வளர்த்த உடம்புதானே. என் குரல் கேட்டு அவனுக்கு ஒண்ணும் ஆயிடாது. கேட்டுக்கோ, நான் அவன்கிட்ட வரல. உன்கிட்டதான் வந்திருக்கேன்.

— இன்னைக்கு வேணாம் அண்ணி, கையெடுத்துக் கும்பிடறேன். உதவித்தொகை ஆபீஸ்லேர்ந்து ஒரு மேடம் வர்றாங்க, வீட்டைப் பாக்க. எந்நேரமும் வந்துடுவாங்க.

— ஓ! அதான் நடு வீட்டுல நாற்காலியா? என் காசுல நாற்காலி வாங்கிட்டியா?

— எதிர் வீட்டுது. வர்றவங்களைத் தரையில உக்காருன்னா சொல்ல முடியும்?

— மகாராணிக்கு மரியாதை தெரியும்! நான் வந்தா மட்டும் தண்ணி டிரம் மேல உக்காரணும்.

— நீங்க எப்ப உக்காந்தீங்க? வந்தா நின்னுக்கிட்டே திட்டுவீங்க, நின்னுக்கிட்டே போயிடுவீங்க.

— வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல. கேட்டுக்கோ. எங்க வீட்டு ஓனர் அட்வான்ஸை ஏத்திட்டான். சனிக்கிழமைக்குள்ள வைக்கலன்னா சாமானைத் தூக்கித் தெருவுல போடுவானாம். ஆஸ்பத்திரித் துணி துவைச்சுத் துவைச்சு விரல் நுனியெல்லாம் வெந்து கிடக்கு, பாரு. அந்தக் கையால சேர்த்த காசு. வயசுப் பொண்ணை வெச்சுக்கிட்டு நான் எங்கடி போவேன்?

— உதவித்தொகை வந்தா மொத மாசமே உங்களுக்குத்தான் அண்ணி.

— வந்தா! உனக்கு எல்லாமே ‘வந்தா’தான். மூட்டை இறக்கப் போனவன் லாரியிலேர்ந்து விழுந்து முதுகு போனப்பவும் இதையேதான் சொன்னே. குடோன்காரன் நஷ்டஈடு குடுத்தா தர்றேன்னே. குடுத்தானா?

— குடுக்கலன்னா அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? நான் ஏமாத்திட்டு ஓடிட மாட்டேன்.

— ஓட உனக்கு எங்க இடமிருக்கு? அன்னைக்கே தலைதலையா அடிச்சுக்கிட்டேன், இவளைக் கட்டாதடான்னு.

— கல்யாணமான நாள்லேர்ந்து இதேதான் பாட்டு. புதுசா ஏதாவது இருந்தா சொல்லுங்க.

— புதுசா வேணுமா? சொல்றேன். எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்றேன். ஏய், மேல இருக்கிறவங்களே, கீழ இருக்கிறவங்களே! எல்லாரும் கேட்டுக்கோங்க! இவ எனக்கு எட்டாயிரத்து நானூத்தி அம்பது தரணும்! என் காசைத் தின்னுட்டு என்னையே எதிர்த்துப் பேசறா!

— அண்ணி, படியில ஆள் வருது! ஐயோ... வாங்க மேடம். பாத்து வாங்க, கடைசிப் படி உடைஞ்சிருக்கு. உக்காருங்க.

— பரவாயில்ல, நிக்கிறேன். வீட்டு விசாரணைக்கு வந்திருக்கேன். மனு போட்டது நீங்கதானே? இந்தம்மா யாரு?

— அவரோட அக்கா, மேடம்.

— சரி. நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. வீட்டுக்காரர் எங்கே?

— அங்க புடவையைத் திரையாக் கட்டியிருக்கே, அதுக்குப் பின்னாடி. எழுப்பட்டுமா?

— வேண்டாம், தெரியுது. தையல் மிஷின் யாரோடது?

— துணிக் கம்பெனியோடது. சட்டைக் காலர் தைச்சுக் குடுக்கறேன். காலருக்கு இவ்வளவுன்னு தருவாங்க. மனுவுலயே எழுதியிருக்கேன் மேடம்.

— நாற்காலி?

— எதிர் வீட்டுது. நீங்க வர்றீங்கன்னு கேட்டு வாங்கினேன்.

— எல்லா வீட்டுலயும் நல்ல சாமான் மட்டும் எதிர் வீட்டுதாவே இருக்கு.

— ஏம்மா, சந்தேகம்னா கதவைத் தட்டிப் பாரேன். அங்க அந்தப் பெரியவர் தரையில உக்காந்துக்கிட்டு, நீ எப்ப போவேன்னு பாத்துட்டிருப்பாரு.

— உங்களைக் கேக்கல. உங்ககிட்டயும் வருவேன். மரியாதையா இருங்க.

— இருக்கேன், இருக்கேன்.

— படி ஏறும்போதே காதுல விழுந்துச்சு. எட்டாயிரத்து நானூத்தி அம்பது. அது என்ன பணம்?

— கடன், மேடம். அண்ணிகிட்ட வாங்கினது.

— மொத்தமா வாங்கினதா?

— இல்ல மேடம். அவருக்கு அடிபட்டதிலேர்ந்து மாசாமாசம் சம்பளம் வாங்கினதும் கொண்டாந்து குடுப்பாங்க. ஆனா நான் சும்மா கை நீட்டல. ஒவ்வொரு தடவையும் திருப்பித் தர்றேன்னு சொல்லித்தான் வாங்கியிருக்கேன். ஒரு காசு விடாம மனசுல இருக்கு.

— மாசாமாசம்.

— ஆமா மேடம்.

— எழுத்து இருக்கா? பத்திரம், சீட்டு, ஏதாவது?

— அக்கா தம்பிக்குள்ள எதுக்கு மேடம் பத்திரம்?

— அப்போ அது கடன் இல்ல. கூடப்பிறந்தவங்க மாசாமாசம் பணம் குடுத்தா, எங்க விதிப்படி அது இந்த வீட்டு வருமானம். நீங்க மனுவுல உறவினர் உதவி இல்லைன்னு எழுதியிருக்கீங்க.

— இல்லதானே மேடம்! இது கடன்! இவங்க எனக்கு உதவி பண்ணுவாங்களா? என்னைக் கண்டாலே இவங்களுக்கு ஆகாது, நீங்களே கேட்டீங்களே!

— பொய்த் தகவல்னு மனு தள்ளுபடி ஆயிடும். அடுத்த ஒரு வருஷத்துக்கு மறுபடி போடவும் முடியாது.

— மேடம், அப்படி எழுதிடாதீங்க. நான் தைக்கிறது வாடகைக்கே இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னு இருக்கு. மருந்து நின்னுட்டா அவரால திரும்பிப் படுக்கக்கூட முடியாது. மரக்கட்டை மாதிரி ஆயிட்டாரு மேடம், நான்தான் புரட்டிப் போடறேன்.

— எல்லா வீட்டுலயும் ஒரு கதை இருக்கும்மா. காதால கேட்டதைத்தான் நான் எழுத முடியும்.

— என்கிட்டயும் வருவேன்னியே. எப்ப வருவே?

— இதோ வந்துட்டேன். சொல்லுங்க. இவங்களுக்குப் பணம் குடுத்தீங்களா, இல்லையா?

— இவளுக்கா? நானா? நல்லா இருக்கே கதை! இவ மூஞ்சியைப் பாத்தா கடன் குடுக்கத் தோணுதா உனக்கு?

— அண்ணி...

— நீ வாயை மூடு. மேடம்கிட்ட பேசிட்டிருக்கேன். கேட்டுக்கோம்மா, ஒத்தக் காசு குடுத்ததில்ல.

— இப்பத்தான் ஊருக்கே கேக்கற மாதிரி கத்தினீங்க.

— கத்தினேன். இவ மானத்தை வாங்கணும்னு கத்தினேன். என் தம்பி இவளைக் கட்டினதிலேர்ந்து என் வாசப்படி மிதிக்கல. அந்த வயித்தெரிச்சல் எனக்கு. வாய்க்கு வந்த தொகையைச் சொன்னேன்.

— வாய்க்கு வர்ற தொகையில நானூத்தி அம்பதெல்லாம் இருக்குமா?

— பத்தாயிரம்னு மொத்தமாச் சொன்னா எவன் நம்புவான்? சில்லறையோட சொன்னாத்தான் நம்புவாங்க. நீயே நம்பிட்டியே!

— மேடம், இவங்க சொல்றது பொய். யாரோட காசும் எனக்குச் சும்மா வேணாம். நான் தரணும், மேடம். நான் தருவேன்.

— பாத்தியா? எல்லாம் வீம்பு. நாத்தனார் கடன் குடுக்கற அளவுக்கு இவளுக்கு மதிப்பு இருக்குதுன்னு நாலு பேருக்குக் காட்டணும். மாசாமாசம் குடுத்தேனாம்! ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்துல என் சம்பளம் என்னன்னு போய்க் கேளு. கேட்டுட்டு அதுல மிச்சம் பிடிக்க முடியுமான்னு நீயே சொல்லு.

— விளையாட்டு இல்லம்மா இது. நீங்க சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்குவேன். பணம் எதுவும் குடுக்கல, வேணும்னே பொய்யாக் கேட்டேன், இவங்க எனக்கு எதுவும் தர வேண்டியதில்லைன்னு எழுதுவேன். நாளைக்கு எங்க போயும் இந்தப் பணத்தைக் கேக்க முடியாது. தெரியுமில்ல?

— எழுது.

— பொய்னு தெரிஞ்சா உங்கமேலயும் நடவடிக்கை வரும்.

— வரட்டும்மா. ஏற்கெனவே வாசல்ல வரிசையாத்தான் நிக்குது எல்லாம். எழுதிட்டியா? பேனாவைக் குடு.

— அண்ணி, வேணாம். சனிக்கிழமை...

— சனிக்கிழமைக்கு உனக்கென்னடி வந்தது? என் சனிக்கிழமை. எங்கம்மா போடணும்? இங்கேயா?

— அங்கதான். படிக்கத் தெரியுமா? இல்ல, நான் படிச்சுக் காட்டவா?

— தெரியும். மெதுவாத் தெரியும். அவசரப்படுத்தாம நில்லு. ‘தர... வேண்டிய... தில்லை.’ ம். எழுத்து அழகாத்தான் இருக்கு. இந்தா, பிடி.

— சரி. உறவினர் உதவி இல்லைன்னு அறிக்கை இன்னைக்கே போகும். வேற தடை எதுவும் எனக்குத் தெரியல. அடுத்த மாசத்துலேர்ந்து வரலாம். நான் வர்றேன்.

— பாத்துப் போங்க மேடம். அந்த உடைஞ்ச படி... அண்ணி, போகாதீங்க, நில்லுங்க. சனிக்கிழமை பொண்ணைக் கூட்டிக்கிட்டு இங்க வந்துடுங்க. இந்த மிஷினை நகர்த்திட்டா ரெண்டு பேர் படுக்கலாம்.

— தினமும் உன் மூஞ்சியில முழிக்கவா? அதுக்குத் தெருவே தேவலை.

— அப்போ மாசம் முந்நூறாவது தர்றேன். சத்தியமா தர்றேன் அண்ணி. அந்தப் பணத்தை நான்...

— எந்தப் பணம்டி? என்கிட்ட கடன் வாங்கினேன்னு இனிமே எவகிட்டயாவது சொன்னே, நாக்கை அறுத்துடுவேன்.