சீனாக்காரிக்குத் தாய்மாமன் சீர்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தவர், கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்காரம்மாவிடம் சொன்னார்: “எங்க அக்கா பொண்ணு சீனாக்காரி. ஆனா அப்படியே என்ன உரிச்சு வச்சிருக்கா.”

“இன்னா நைனா சொல்ற?”

“அக்கா மலேசியாவுல இருக்கசொல்ல தத்து எடுத்த கொழந்த. கைக்கொழந்தையா லைட்ஹவுஸ் குப்பத்துக்குத் தூக்கினு வந்துச்சு. இப்ப வயசுக்கு வந்துட்டா. தாய்மாமன் சீருக்குப் பட்டுப்பொடவ வாங்கப் போறேன்.”

“கலரு எப்படிப் பாப்ப?”

“என் தோள்ல போட்டுப் பாப்பேன். எனக்கு எடுப்பா இருந்தா அவளுக்கும் எடுப்பா இருக்கும். கடக்காரன் சிரிச்சா சிரிக்கட்டும்.”

“ஒங்க ரத்தமே கெடையாது. அப்பறம் எப்படி ஒன்ன மாதிரி இருப்பா?”

“நண்டுல கால மட்டும் தின்னுட்டு ஓட்ட என் தட்டுல போடுறா. சின்ன வயசுல நானும் அப்படித்தான். கோவம் வந்தா படகுல போயி வலையப் போத்திக்கினு படுத்துக்குறா. நான் இப்பவும் அப்படித்தான்.”

“சரி, மூஞ்சி?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“மூஞ்சி மட்டும் எங்க அக்கா.”